நிலமற்ற விடுதலை
அமெரிக்கக் கறுப்பின மக்கள் வறியவரான வரலாறு

ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்னும் வினாவிற்குப் பலர் ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். அவன் உழைப்பதில்லை, சேமிப்பதில்லை, படிப்பதில்லை என்பதே அவ்விடை. நம் சேரிகளைச் சுட்டிக்காட்டி இவ்வாறு பேசியோரை நாம் அறிவோம். அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களைப் பற்றியும் இதையே கூறினர். 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், அம்மக்களின் நிலையை ஆழ்ந்து கவனித்து வந்தார். ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டு, 1946இல் அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதமும் எழுதினார். ஆகவே அவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலான ஒன்றன்று. நம் இளைஞர்கள் அதனை அறிதல் நலம்.

1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். அடுத்த ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 சனவரி 12ஆம் நாள், சவானா நகரில் இருபது கறுப்பினப் பெரியோரைத் தளபதி ஷெர்மன் அழைத்துப் பேசினார். விடுதலை பெற்ற உங்கள் மக்கள் எவ்வாறு பிழைப்பர் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் சார்பில் விடையளித்தவர் கேரிசன் பிரேசியர் என்னும் முதிய போதகர். தம்மையும் தம் மனைவியையும் ஆயிரம் டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டவர் அவர். எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் அதனைப் பயிரிட்டு வாழ்ந்துகொள்வோம் என்பதே அவர் தந்த விடையின் சாரம். சலுகை எதையும் அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான்கே நாளில் ஆணை பிறந்தது. கடற்கரை ஓரமாக, குடும்பம் ஒன்றுக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் நிலம் ஒதுக்கப்பட்டது. சூன் மாதத்திற்குள் சுமார் 40 ஆயிரம் பேர் நான்கு இலட்சம் ஏக்கரில் குடியேறிப் பயிரிடத் தொடங்கினர். ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டார். அவருக்குப்பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சி செய்த பண்ணையாருக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் எடிஸ்டோ தீவிற்குச் சென்று இச்செய்தியை நேரில் அறிவிக்கும் கடமை தளபதி ஹோவர்டுக்கு வாய்த்தது. மாதா கோவிலில் திரண்டிருந்த மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். பின்னர் அதிபருக்கே விண்ணப்பமும் எழுதினர். பயன் விளையவில்லை. பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர், அல்லது பழைய எசமானரிடமே கூலி ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

அரசிடம் கொடுக்க நிலம் இல்லையோ என்று எண்ண வேண்டா. 1862இல் இயற்றப்பட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்கீழ் மேற்குப் பகுதியில் குடும்பத்திற்கு 160 ஏக்கர் வீதம், ஏறக்குறைய விலையின்றியே வழங்கப்பட்டது. காலப்போக்கில் அவ்வாறு கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர். பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அந்நிலம் செவ்விந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது வேறொரு துயரக் கதை. அதே 1862இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது, அடிமை ஒருவருக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள். அத்தொகை சென்றது அடிமையிடம் அன்று, எசமானிடம்.

நிலமில்லாதவன் என்ன செய்வான்? வாரத்திற்குத்தான் உழுவான். தென் மாநிலங்களில் பருத்தி விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு, பாதி உழுபவனுக்கு என்பது பொதுவான ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அறுவடை வரை உண்ண மாவும் உப்பிட்ட இறைச்சியும், உடுக்கத் துணியும், விதைக்க விதையும் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும். கடன் விலை ரொக்க விலையினும் அதிகம். அதன்மேல் வட்டி. விளையப்போகும் பருத்தியே ஈடு. பருத்தியை நிறுப்பவன், விலை வைப்பவன், கணக்கு எழுதுபவன் யாவரும் நிலக்காரனும் அவன் ஆட்களுமே. ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும் நாளில் உழுதவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த ஆண்டிற்குரிய கடன் பாக்கி. பண்ணையாள் முறையில் கைநாட்டு வைத்த நம் முன்னோருக்கு இக்கணக்கு விளக்கம் தேவைப்படாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டிற்கு வந்தது 1976இல்தான்.

கணக்கைக் காட்டு என்று கேட்டால் என்னவாகும்? 1919 செப்டம்பர் 30ஆம் நாள் இரவு, ஆர்கன்சா மாநிலத்தில் எலெய்ன் என்னும் ஊருக்கருகே வாரக் குடியானவர்கள் ஒரு தேவாலயத்தில் கூடினர். தங்கள் பருத்திக்கு உரிய விலையும் எழுத்துமூலமான கணக்கும் பெறுவதற்கே சங்கம் அமைத்திருந்தனர். அங்கு மூண்ட துப்பாக்கிச் சூட்டில் வெள்ளையர் ஒருவர் இறந்தார். அதனைத் தொடர்ந்த நாட்களில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டமும் படையினரும் அப்பகுதியில் புகுந்தனர். வெள்ளையர் ஐவரும், பல ஆய்வாளர் மதிப்பீட்டின்படி நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பரும் மாண்டனர். மரண தண்டனை விதிக்கப்பட்ட பன்னிருவரும் கறுப்பர்களே. நீதிமன்றங்கள் தலையிட்டதன் விளைவாக அவர்கள் உயிர் தப்பினர்.

வெள்ளையருள்ளும் வாரக் குடியானவர் இருந்தனர். 1930ஆம் ஆண்டளவில் தெற்கில் அவர்கள் தொகையே மிகுதி. பசியில் இருவரும் ஒன்று. எனினும் வெள்ளை ஏழைக்கு நிறத்தின் பேரால் ஒரு மதிப்பு கிடைத்தது. அதுவும் ஒருவகைக் கூலியே என்று டு பாய்ஸ் 1935இல் எழுதினார். தலைவரி கட்ட இயலாமல் வாக்குரிமை இழந்த வெள்ளையரும் அந்த மதிப்பை விட மனமின்றி நிலக்காரன் பக்கமே நின்றனர். 1934இல் ஆர்கன்சாவில் இரு நிறத்தாரும் சேர்ந்து ஒரு குடியானவர் சங்கம் கண்டது அரிய விதிவிலக்கு. சாதியின் பேரால் கூலி விவசாயிகள் பிரிந்து நிற்கும் ஊர்களில் வாழ்ந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

நகரத்திற்குச் சென்றோரையும் சட்டம் பின்தொடர்ந்தது. 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் சேர்க்கப்படவில்லை. கறுப்பின உழைப்பாளருள் மூன்றில் இரு பங்கினர் இவ்விரு தொழில்களில்தான் இருந்தனர். அதே காலத்தில் கறுப்பர் வாழும் தெருக்கள் அரசாங்க வரைபடத்தில் சிவப்பு நிறமிட்டுக் குறிக்கப்பட்டன. அத்தகைய பகுதிகளுக்கு வீட்டுக்கடன் கிட்டவில்லை. வெள்ளைக் குடும்பங்கள் அரசின் உத்தரவாதத்தோடு வீடு வாங்கிப் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றன. கறுப்பர் வாடகை கட்டினர்.

இனிக் கல்வி. ஆசிரியன் என்ற முறையில் இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். புக்கர் வாஷிங்டனின் தூண்டுதலால் செல்வர் ரோசன்வால்ட் அளித்த உதவியைக் கொண்டு, 1912 முதல் 1932 வரை தெற்கில் கறுப்பினச் சிறார்க்கென ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன. அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. ஆயினும் அவர் தந்த தொகையைவிடக் கறுப்பின மக்கள் தாமே திரட்டிய தொகை சற்றுக் கூடுதல். பள்ளிக்கென்று தனியே பருத்தி பயிரிட்டும், விருந்து சமைத்து விற்றும், கூலியில் மிச்சம் பிடித்தும் சேர்த்த காசு அது. பொதுப் பள்ளிகளுக்குரிய வரியையும் அவர்கள் கட்டியே வந்தனர். ஒரு பள்ளிக்கு இருமுறை விலை கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. 1954இல் பிரிவினைப் பள்ளி முறை சட்டவிரோதமெனத் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தியபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தனர். இதைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரியும் நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் இடையில் 1910ஆம் ஆண்டளவில் கறுப்பின விவசாயிகள் சுமார் 1.5 கோடி ஏக்கர் நிலத்தைச் சொந்தமாக வாங்கியிருந்தனர். உழைக்கவில்லை, சேமிக்கவில்லை என்போர் இவ்வெண்ணை அறிய வேண்டும். அடுத்து வந்த நூறாண்டுகளில் அந்நிலத்தின் பெரும்பகுதி ஏலத்திலும், பாகப்பிரிவினை வழக்குகளிலும், கடன் மறுக்கப்பட்டதாலும் கைவிட்டுப் போயிற்று. வேளாண்மைத் துறை கடன் வழங்குவதில் நிறபேதம் காட்டியதென்று கறுப்பின விவசாயிகள் தொடுத்த வழக்கில் 1999இல் சமரசம் ஏற்பட்டு இழப்பீடு வழங்கப்பட்டது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், நடுத்தர நிலையிலுள்ள வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதே நிலையிலுள்ள கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர்.