எதிர்ச்சொல்லும் பொருட்டுணிவும்

ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து அதற்கு எதிர்ச்சொல் கூறுக என்பது, பள்ளி வினாத்தாள்களிற் பன்னெடுங்காலமாக இடம்பெற்றுவரும் வினாவாகும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய கீழைக்கரை ஊர்களின் மாணவரும் இதற்கெனச் சொற்களை இணையிணையாக எழுதி மனனஞ் செய்வர். இப்பயிற்சி ஆங்கிலத்தோடு வந்ததென்பாரும், தாய்மொழி இதற்கு உதவாதென்பாரும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரண்டும் பொருந்தாமை புலனாகும்.

பவணந்தி முனிவர் நன்னூலிற் பண்புப்பெயர்களைக் கூறுமிடத்துச் செம்மை, சிறுமை, சேய்மை, தீமை முதலாகப் பதினொன்றை எடுத்தோதி, அவற்றின் எதிர்ப்பண்புகளையும் உடன் அடக்கினார். எதிரானவை எவையென அவர் விரித்திலர். அவற்றைத் தேர்தல் மாணாக்கன் கடனாயிற்று. சிறுமைக்குப் பெருமையும் சேய்மைக்கு அண்மையும் எளிதிற் கிட்டும். செம்மைக்கோ அவ்வாறன்று. அது நிறமாயின் வெண்மை, கருமை முதலியன எதிராகும். செங்கோல் என்றவிடத்து அது நேர்மையாதலின், வளைவைக் குறிக்கும் கொடுமையே எதிராகும். பொருளைத் துணிந்த பின்னரன்றி எதிரைத் துணிதல் ஒண்ணாது என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இக்கரை முஸ்லிம்கள் தமிழைத் தாய்மொழியாகவும் அறபைத் தம் மறைமொழியாகவும் போற்றுபவர். அறபில் ‘ஜவ்ன்’ என்னும் ஒரே சொல் கருமையையும் வெண்மையையும் குறிக்கும். இத்தகைய சொற்களை ‘அள்தாத்’ எனப் பெயரிட்டுப் பத்தாம் நூற்றாண்டில் இப்னுல் அன்பாரி தனி நூலாகத் தொகுத்தார்.

இனி அகராதிகளை நோக்குவாம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு தன் பதினோராந் தொகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்களைத் தொகுத்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் தோன்றியது. 1779இல் பப்பிரிசியசும் 1862இல் வின்சிலோவும் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள் கூறும் அகராதிகளை வெளியிட்டனர். இங்கிலாந்தில் 1852இல் றொஜே வெளியிட்ட சொற்களஞ்சியமோ எதிரெதிர்க் கருத்துக்களை அருகருகே நிரல்படுத்தியது. சொற்களைப் பொருள்வழி வகுத்தலைத் தமிழ் நிகண்டுகள் அதற்குப் பன்னூற்றாண்டு முன்னரே மேற்கொண்டிருந்தன.

இரு மரபும் ஒருவரிடத்தே கூடியமைக்குச் சான்று, கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் ஆவர். கல்முனையில் ஆங்கிலம் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தேறினார். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஆங்கிலச் சொல்லின் பொருளை வரையறுத்த பின்னரே அதற்குத் தமிழ்ச் சொல் அமைத்தல் கூடுமாதலின், அப்பணிக்கு இருமொழிப் புலமையும் இன்றியமையாததாயிற்று.

அம்முறை இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும். ‘ஓல்ட்’ என்னும் சொல்லுக்கு எதிர் யாதென மயங்கும் மாணவன் அதனைத் தமிழில் வைத்து நோக்குக. மனிதனைக் குறிப்பின் அது முதுமை. அதற்கெதிர் இளமையாதலின் ‘யங்’ என்பது விடையாகும். நூலைக் குறிப்பின் அது பழமை. அதற்கெதிர் புதுமையாதலின் ‘நியூ’ என்பது விடையாகும். ‘லைற்’ என்பதும் வெளிச்சமாயின் இருளையும், பாரமின்மையாயின் பாரத்தையும் எதிராகப் பெறும். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் இரண்டாகப் பிரித்துக் காட்டுகின்றது.

பட்டியலை மட்டும் மனனஞ் செய்தவன், வாக்கியம் மாறியவிடத்து வழுவுவான். பொருளைத் தன் மொழியில் துணிந்தவன் எவ்விடத்தும் வழுவான். தாய்மொழி பிறமொழிக் கல்விக்குத் தடையன்று, அதற்கு அளவுகோலேயாம்.