ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4: ஒரு சண்டை விளையாட்டுத் தொடரின் மறுவருகை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்பது ஜப்பானின் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்காம் நிறுவனம் 1987 முதல் வெளியிட்டுவரும் வீடியோ கேம் தொடர் ஆகும். இருவர் நேருக்கு நேர் நின்று மோதும் ‘சண்டை விளையாட்டு’ என்ற வகைக்கு இலக்கணம் வகுத்தது இத்தொடரே. 1990களில் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த இது, 1999க்குப் பிறகு புதிய எண்வரிசைப் பகுதி எதுவும் இல்லாமல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2008இல் ஆர்கேட் கூடங்களிலும், 2009இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய கன்சோல்களிலும் வெளியான நான்காம் பகுதிதான் தொடரை மீண்டும் எழச் செய்தது. பழைய ஒன்றை மீட்கும்போது எதைக் காக்க வேண்டும், எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு இதன் வரலாறு நல்ல விடையாக அமைகிறது.

தோற்றமும் எழுச்சியும்

முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை 1987இல் தகாஷி நிஷியாமாவும் ஹிரோஷி மட்சுமோட்டோவும் உருவாக்கினர். ரியூ, கென் என்ற இரண்டு பாத்திரங்களை மட்டுமே ஆட்டக்காரர்கள் இயக்க முடிந்தது. அது பெரிய வெற்றி அல்ல. இருவரும் பின்னர் கேப்காமை விட்டு விலகி, போட்டி நிறுவனமான எஸ்.என்.கே.யில் சேர்ந்தனர். அங்கே நிஷியாமா ‘ஃபேட்டல் ஃப்யூரி’ (1991) என்ற மற்றொரு புகழ்பெற்ற சண்டை விளையாட்டை உருவாக்கினார்.

கேப்காமில் எஞ்சியிருந்த குழுவினர் 1991இல் இரண்டாம் பகுதியை வெளியிட்டனர். ஆட்டக்காரர் எட்டுப் பாத்திரங்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தனி உடல்மொழி, தனித் தாக்குமுறை, தனி வேகம். சுன்-லி என்ற சீனப் பெண் வீராங்கனையும், கைகால்களை நீட்டித் தாக்கும் தால்சிம் என்ற இந்திய யோகியும் அவர்களுள் அடங்குவர். ஓர் அடியை அடுத்த அடியோடு இடைவெளியின்றிக் கோத்து அடிக்கும் ‘காம்போ’ முறை இதில்தான் பரவலானது. அது திட்டமிட்டு வைத்தது அன்று. சோதனையின்போது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. அதை நீக்காமல் விட்டதால், பின்னாளில் அந்த வகை முழுவதற்குமே அதுவே அடித்தளமாயிற்று.

1992இல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு வந்த பதிப்பு மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டில் ‘மார்ட்டல் காம்பாட்’, 1993இல் ‘வெர்ச்சுவா ஃபைட்டர்’, 1994இல் ‘டெக்கன்’ என்று போட்டியாளர்கள் வரிசையாக வந்தனர்.

தேக்கத்தின் காரணங்கள்

முதலாவது காரணம், அளவுக்கு மீறிய மறுபதிப்பு. 1991க்கும் 1994க்கும் இடையில் இரண்டாம் பகுதியே சிறு சிறு மாற்றங்களுடன் ஐந்து வடிவங்களில் வந்தது. மூன்றாம் பகுதி எப்போது வரும் என்று காத்திருந்த மக்கள் சலிப்படைந்தனர்.

இரண்டாவது, மூன்றாம் பகுதியின் துணிச்சலான மாற்றம். 1997இல் வந்த அதன் முதல் பதிப்பில் பழையவர்களில் ரியூவும் கென்னும் மட்டுமே இருந்தனர். மற்ற அனைவரும் புதியவர்கள். எதிரியின் அடி விழும் அதே கணத்தில் முன்னோக்கித் தட்டி அதைத் தடுக்கும் ‘பாரி’ முறை தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு விருந்தாக அமைந்தது. புதிதாக வந்தவர்களுக்கோ அது எட்டாக்கனி. 1999இல் வந்த ‘தேர்டு ஸ்ட்ரைக்’ பதிப்பை இன்றும் வல்லுநர்கள் போற்றுகின்றனர். ஆயினும் அது பெருந்திரளான மக்களைச் சென்றடையவில்லை.

மூன்றாவது, இடமே கைநழுவிப் போனது. ஜப்பானுக்கு வெளியே ஆர்கேட் கூடங்கள் மூடப்பட்டன. அருகில் நிற்கும் முகம் தெரியாத ஒருவருடன் காசு போட்டு மோதுவதுதான் இவ்விளையாட்டின் உயிர். வீட்டில் கன்சோல் இருந்தாலும் எதிராளி இல்லாவிட்டால் ஆட்டம் சுவைப்பதில்லை.

அந்த இடைக்காலத்தில் தொடரை உயிரோடு வைத்திருந்தவர்கள் ஆட்டக்காரர்களே. கலிஃபோர்னியாவில் 1996இல் சிறு போட்டியாகத் தொடங்கி, 2002 முதல் ‘ஈவோ’ என்ற பெயரில் நடந்த போட்டி அவர்களைக் கூட்டி வைத்தது. 2004 ஈவோவில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, உயிர் ஒரு துளி மட்டும் எஞ்சிய நிலையில், அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் தொடர்ந்து விட்ட 15 அடிகளையும் பாரி முறையில் தடுத்து வென்றார். அந்தக் காணொளி இணையத்தில் பரவி, ஐந்து ஆண்டு பழைய விளையாட்டை அறியாதவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

மீட்பு முயற்சி

நான்காம் பகுதிக்காகப் போராடியவர் தயாரிப்பாளர் யோஷினோரி ஓனோ. இவர் முன்பு இத்தொடரின் ஒலிப் பிரிவில் பணியாற்றியவர். தொடக்கத்தில் நிறுவனத்துக்குள்ளேயே இம்முயற்சிக்குப் பெரிய வரவேற்பு இல்லை என்பதை அவரே பின்னாளில் நேர்காணல்களில் கூறியுள்ளார். 2007 அக்டோபரில் அறிவிப்பு வெளியானது.

உருவாக்கத்தில் கேப்காமுடன் இணைந்த நிறுவனம் டிம்ப்ஸ். அதை 2000ஆம் ஆண்டில் நிறுவியவர் வேறு யாருமல்லர்; முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை இயக்கிய அதே நிஷியாமாதான். போட்டி நிறுவனத்துக்குச் சென்ற மனிதர், இருபது ஆண்டுகளுக்குப் பின் தாம் தொடங்கி வைத்த தொடரின் மறுபிறப்பில் பங்கேற்றார்.

2008 ஜூலையில் ஜப்பானிய ஆர்கேட் கூடங்களில் நான்காம் பகுதி அறிமுகமானது. கணினியை ஒத்த டைட்டோ டைப் எக்ஸ்2 என்ற கருவியில் அது இயங்கியது. 2009 பிப்ரவரியில் கன்சோல்களுக்கு வந்தது. அதே ஆண்டு ஈவோவில் இவ்விளையாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். இறுதிப் போட்டியில் மோதியவர்கள் மீண்டும் உமெஹாராவும் வோங்கும். உமெஹாரா வென்றார்.

காத்ததும் மாற்றியதும்

ஓனோ குழுவினர் ஆட்டத்தின் அடிப்படையில் கைவைக்கவில்லை. பாத்திரங்கள் முப்பரிமாணத்தில் வரையப்பட்டன. ஆனால் அவர்கள் நகர்வது பழையபடியே இடமும் வலமுமான ஒரே தளத்தில்தான். இரண்டாம் பகுதியில் தோன்றிய பன்னிரண்டு வீரர்களும் திரும்பி வந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போனவர் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பிடித்ததும் கை தானாக நினைவுகூரும். சிலம்பம் கற்றவருக்குக் காலடிப் பாடம் எத்தனை ஆண்டானாலும் மறப்பதில்லை அல்லவா, அதுபோல.

புதிதாகச் சேர்த்தவை புதியவர்களுக்குக் கைகொடுப்பவை. ‘ஃபோகஸ் அட்டாக்’ முறையில் எதிரியின் ஓர் அடியைத் தாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கலாம். பாரி போலக் கணநேரத் துல்லியம் வேண்டியதில்லை. அடி வாங்க வாங்க நிரம்பும் ஒரு அளவி, தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் ‘அல்ட்ரா காம்போ’ என்ற பெருந்தாக்குதலால் மீள வாய்ப்பளித்தது. இவ்விளையாட்டு 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. இதன் வெற்றிக்குப் பின் மற்ற நிறுவனங்களும் தங்கள் பழைய சண்டைத் தொடர்களைத் தூசு தட்டி எடுத்தன; 2011இல் ‘மார்ட்டல் காம்பாட்’ புதிய வடிவில் வந்தது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஆர்கேட் கூடத்தின் இடத்தில் இணையம்

மூடப்பட்ட கூடங்களின் இடத்தை இணையம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. சண்டை விளையாட்டு நொடிக்கு 60 படச்சட்டங்களாக ஓடுகிறது. அதாவது ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் இருக்கும் ஒரு மாணவர் டோக்கியோவில் இருப்பவருடன் மோதுவதாகக் கொள்வோம். இடையே உள்ள தொலைவு நேர்கோட்டிலேயே சுமார் 6,500 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒருவழிப் பயணத்துக்கே 32 மில்லி நொடிக்கு மேல், அதாவது இரண்டு படச்சட்டங்கள், கழிந்துவிடும். நடைமுறையில் தாமதம் இதைவிட அதிகம்.

பழைய முறையில், எதிராளியின் விசை அழுத்தம் வந்துசேரும்வரை ஆட்டம் காத்திருக்கும். கை ஒன்றைச் செய்ய, திரை தாமதமாக அசையும். ஈவோ நிறுவனர்களுள் ஒருவரான டோனி கேனன் 2006இல் இதற்கு மாற்று முறை ஒன்றை உருவாக்கினார். எதிராளி என்ன செய்வார் என்று கருவி ஊகித்து ஆட்டத்தை நிறுத்தாமல் ஓட்டும். ஊகம் தவறினால் சில சட்டங்கள் பின்சென்று திருத்திக்கொள்ளும். ‘ரோல்பேக்’ எனப்படும் இம்முறை இன்று சண்டை விளையாட்டுகளின் பொதுத் தரமாகிவிட்டது.

ஐந்தாம் பகுதி தந்த பாடம்

ஒருமுறை மீட்டெடுத்தால் போதும் என்று கருதினால் தவறு என்பதை 2016 பிப்ரவரியில் வந்த ஐந்தாம் பகுதி காட்டியது. போட்டியாளர்களை மனத்தில் கொண்டு அவசரமாக வெளியிடப்பட்ட அதில், தனியாக ஆடுபவருக்கான வழக்கமான ஆர்கேட் முறைகூட இல்லை. இணைய இணைப்பிலும் கோளாறுகள் இருந்தன. 2016 மார்ச் இறுதிக்குள் 20 லட்சம் படிகள் என்ற இலக்கு வைத்த கேப்காம், 14 லட்சத்தையே எட்டியது. விடுபட்ட ஆர்கேட் முறை 2018 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் பொறுமையாகச் செப்பனிட்டதால் அந்த விளையாட்டு தேறியது.

2023 ஜூன் 2 அன்று வந்த ஆறாம் பகுதி இப்பாடத்தை உள்வாங்கியது. சிக்கலான விசைக் கோர்வைகளுக்குப் பதிலாக ஒற்றைப் பொத்தானில் சிறப்புத் தாக்குதலைத் தரும் எளிய முறையும், தனியாகச் சுற்றித் திரிந்து கற்கும் நீண்ட கதைப் பகுதியும் அதில் உள்ளன. பழைய முறையை விரும்புவோருக்கு அதுவும் உண்டு. முதல் வாரத்திலேயே 10 லட்சம் படிகள் கடந்தன.

இந்தியாவும் இவ்விளையாட்டும்

இந்தியர்களுக்கு இத்தொடருடன் உள்ள உறவு இருமுகம் கொண்டது. உலக விளையாட்டு ஒன்றில் இந்தியப் பாத்திரம் இருப்பது பலருக்குப் பெருமை. அதேவேளை, கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, பின்னணியில் யானைகள் என்று தால்சிமை வரைந்தது இந்தியாவைப் பற்றிய பழைய மேலைக் கற்பனையின் சாயல் கொண்டது என்ற விமர்சனமும் நியாயமானதே.

2022 டிசம்பரில் இந்திய அரசு மின்விளையாட்டுகளைப் பல்துறைப் போட்டிகளின் ஒரு பகுதியாக ஏற்றது. மறு ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. இந்திய வீரர்களும் களமிறங்கினர். தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44. இரண்டாம் பகுதி வந்த நாளில் அவர் பள்ளிச் சிறுவன்.

மதிப்பீடு

ஓனோ 2020இல் கேப்காமை விட்டு விலகினார், தொடர் நிற்கவில்லை. நிஷியாமா எஸ்.என்.கே.யில் தொடங்கிய ஃபேட்டல் ஃப்யூரியும் 26 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2025 ஏப்ரலில் புதிய பகுதியுடன் திரும்பியது. புதிய கன்சோலின் ஆற்றல் பழைய விளையாட்டுக்கு அழகான உடலைத் தரும். ஆனால் அது பிழைத்திருப்பது, முந்தைய தலைமுறை கற்ற ஆட்டத்தை அழிக்காமல், அடுத்த தலைமுறை நுழையக் கதவைத் திறந்து வைக்கும்போதுதான். மூன்றாம் பகுதி முதலாவதையும் இரண்டாவதையும் ஒருசேரத் தவறவிட்டது. நான்காம் பகுதி இரண்டையும் செய்தது.