மாற்றுக் காற்று உள்ளிழுப்பி

மாற்றுக் காற்று உள்ளிழுப்பி என்பது, தானுந்தின் உள் எரி பொறிக்குக் காற்றைக் கொண்டு செல்லும் தொழிற்சாலை அமைப்பை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் உரிமையாளர் தனியே வாங்கிப் பொருத்தும் குழாயும் வடிகட்டியும் கொண்ட தொகுதி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலும் "குளிர்காற்று உள்ளிழுப்பி" என்னும் பெயரில் விற்கப்படுகிறது. பந்தய வண்டிகளில் பயன்படும் இவ்வகை அமைப்பு, குடும்பங்கள் பயன்படுத்தும் எஸ்யூவி வண்டிகளுக்கும் கிடைக்கிறது. இதனால் திறனும் எரிபொருள் சிக்கனமும் கூடும் என்பது விற்பனையாளர் கூற்று. வேறு மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியில் திறன் கூடுதல் மிகச் சிறியது. அதுவும் பொறி முழு ஆற்றலுடன் இயங்கும்போது மட்டுமே கிடைக்கக்கூடியது.

அடிப்படை

பெட்ரோல் பொறியில் ஒரு பங்கு எரிபொருள் முழுமையாக எரிய, எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எனவே உருளைகளுக்குள் எவ்வளவு காற்று புகுகிறதோ அதைப் பொறுத்தே பொறியின் உச்சத் திறன் அமைகிறது. காற்றின் அளவைக் கூட்ட இரு வழிகள் உள்ளன: பாதையிலுள்ள தடையைக் குறைத்தல், உள்ளே வரும் காற்றைக் குளிர்ச்சியாக வைத்தல். காற்றின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 40 பாகை செல்சியசு காற்றைவிட 25 பாகை காற்று ஏறத்தாழ 5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது.

இக்கோட்பாட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தொழிற்சாலை அமைப்பு சூடான காற்றையே உறிஞ்சுகிறது என்ற எண்ணம் பெரும்பாலான தற்கால வண்டிகளுக்குப் பொருந்தாது. அவற்றின் காற்றுப்பெட்டி, முன்புற வலைக்குப் பின்னிருந்தோ சக்கரக் காப்புத் தகட்டின் உட்புறத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுத்துக்கொள்கிறது. மாறாக, விலை குறைந்த சில மாற்று உள்ளிழுப்பிகளில் கூம்பு வடிவ வடிகட்டி பொறியறையிலேயே திறந்த நிலையில் இருக்கும். போக்குவரத்து நெரிசலில் வண்டி நிற்கும்போது அது பொறியின் வெப்பக் காற்றையே இழுக்கிறது. "குளிர்காற்று" என்ற பெயர் இத்தகைய அமைப்புக்குப் பொருந்தாது.

திறன் எவ்வளவு கூடும்

2016 முதல் 2022 வரையிலான ஓண்டா பைலட் எஸ்யூவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் 3.5 லிட்டர் ஆறு உருளைப் பொறி, நிமிடத்திற்கு 6000 சுற்றுகளில் 280 குதிரைத்திறன் தரும். நான்கு வீச்சுப் பொறி இரு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுப்பதால், அவ்வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10,400 லிட்டர் காற்று தேவைப்படும். அந்த ஓட்டத்தில் வடிகட்டியும் குழாயும் 2 கிலோபாசுக்கல் அழுத்த இழப்பை உண்டாக்குவதாகக் கொண்டால், அது வளிமண்டல அழுத்தத்தில் 2 விழுக்காடு மட்டுமே. அந்தத் தடை முழுவதையும் அகற்றினாலும் கூடும் திறன் ஐந்தாறு குதிரைத்திறனைத் தாண்டாது. எந்த மாற்று அமைப்பும் தடை முழுவதையும் அகற்றுவதில்லை.

அதே வண்டி சமதரை நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 25 குதிரைத்திறன் போதும். மீதித் திறன் தேவையில்லாததால், திராட்டில் என்னும் இதழ் பெரும்பகுதி மூடிய நிலையில் நின்று காற்றை வேண்டுமென்றே தடுக்கிறது. அவ்விதழ் உண்டாக்கும் அழுத்த இழப்பின் முன் வடிகட்டியின் தடை ஒரு பொருட்டன்று. வடிகட்டி எளிதாகக் காற்றை விட்டால், பொறிக் கணினி இதழை இன்னும் சற்று மூடிவிடும்.

எரிபொருள் சிக்கனம் குறித்த கூற்றும் இதனாலேயே வலுவிழக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ச் தேசிய ஆய்வகம் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், தற்கால எரிபொருள் உட்செலுத்துப் பொறிகளில் வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் எரிபொருள் சிக்கனம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. முழு முடுக்கத்தில் வேகமெடுக்கும் நேரமே கூடியது. அடைத்த வடிகட்டியே சிக்கனத்தைக் கெடுக்காதபோது, நல்ல நிலையிலுள்ள வடிகட்டியை மாற்றிச் சிக்கனம் பெற முடியாது. கார்புரேட்டர் கொண்ட பழைய பொறிகளின் நிலை வேறு.

டர்போ பொறிகளில், அழுத்தியின் முன்னுள்ள தடை சற்றுக் கூடுதலான விளைவை உண்டாக்கும். பொறிக் கணினியின் நிரலையும் மாற்றி, மிகுந்த காற்றழுத்தம் பயன்படுத்தப்படும் வண்டிகளில் பெரிய உள்ளிழுப்பிக்கு உண்மையான பயன் உண்டு.

அளவீட்டில் உள்ள சிக்கல்

டைனமோமீட்டர் எனப்படும் திறன்மானியில் எடுக்கப்பட்ட வரைபடங்கள் விளம்பரங்களில் காட்டப்படுவதுண்டு. ஒரே வண்டியை அடுத்தடுத்துச் சோதித்தாலே முடிவுகள் ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபடக்கூடும். எதிர்பார்க்கும் கூடுதலும் அதே அளவினதே. வெப்பநிலை, அழுத்த வேறுபாடுகளைச் சரிசெய்ய எசு.ஏ.ஈ. சே1349 என்னும் தரம், 25 பாகை செல்சியசையும் 99 கிலோபாசுக்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. பொறியறை மூடியைத் திறந்துவைத்துப் பெரிய விசிறியை எதிரே சுழலவிட்டு எடுத்த அளவு, சாலையில் மூடி அடைத்த நிலைக்குப் பொருந்தாது.

ஓட்டுநர் உணரும் மாற்றம் பெரும்பாலும் ஒலியே. தொழிற்சாலைக் குழாயில் இணைந்துள்ள ஒத்ததிர்வு அறைகள் உறிஞ்சல் இரைச்சலை அடக்குவதற்காக அமைக்கப்பட்டவை. அவை நீக்கப்பட்டதும் முடுக்கும்போது பொறி உறுமுகிறது; அந்த உறுமல் திறன் கூடிவிட்டது போன்ற எண்ணத்தைத் தருகிறது. ஒலிக்காகவே இதை வாங்குவோரும் உண்டு, அவர்கள் ஏமாறுவதில்லை.

தீங்குகள்

தடை குறைந்த வடிகட்டி சில வேளைகளில் நுண்தூசியைக் கூடுதலாக உள்ளே விடும். அது ஆடுதண்டு வளையங்களையும் உருளைச் சுவரையும் தேய்க்கும். வடிகட்டிகளை ஒப்பிட ஐ.எசு.ஓ. 5011 என்னும் சோதனைத் தரம் உள்ளது. வாங்குவோர் குதிரைத்திறன் எண்ணைவிட அம்முடிவைக் கேட்பது நன்று. எண்ணெய் தோய்த்த பருத்தி வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், காற்றோட்ட உணரியின் சூடான கம்பியில் படிந்து அளவைப் பிழையாக்கக்கூடும். உணரி அமைந்த குழாயின் விட்டம் மாறினாலும் அதே பிழை நேரும். பொறி எச்சரிக்கை விளக்கு எரிவது இதன் முதல் அறிகுறி.

மிகப் பெரிய இடர் வெள்ளநீரில் உள்ளது. குளிர்ந்த காற்றுக்காக வடிகட்டியை முன் தாங்கிக்குப் பின்னே தாழ்வாக வைக்கும் அமைப்புகள், தேங்கிய நீரைக் கடக்கும்போது நீரை உறிஞ்சிவிடக்கூடும். நீர் காற்றைப்போல் அமுங்காது என்பதால் இணைப்புத்தண்டு வளைந்து பொறி சிதையும்.

சட்ட நிலை

கலிபோர்னியாவில் வாகனச் சட்டத்தின் 27156 ஆம் பிரிவின்படி, மாசுக் கட்டுப்பாட்டைப் பாதிக்கக்கூடிய மாற்றுறுப்புகளைச் சாலை வண்டிகளில் பொருத்த அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்காணை தேவை. ஆணை எண் இல்லாத உள்ளிழுப்பி கொண்ட வண்டி, புகைச் சோதனையின் பார்வையிடும் பகுதியிலேயே தோல்வியடையும். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, 1975 ஆம் ஆண்டின் மாக்னசன்-மாசு சட்டத்தால், மாற்றுறுப்பு பொருத்தியதை மட்டுமே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. பழுது அவ்வுறுப்பால்தான் நேர்ந்தது எனத் தயாரிப்பாளர் நிறுவினால், அப்பழுதுக்கான செலவு உரிமையாளரையே சேரும்.