வேதக்கோயில்

திருச்சுழியில் வெறுமனே கோயில் என்றால் அது பூமிநாதர் கோயில்தான். சுந்தரர் பாடிய தலம் அது. ரமணர் 1879இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். கிறித்தவர்களின் கோயிலைக் குறிக்க இந்தச் சீமையில் வேறொரு சொல் உண்டு: வேதக்கோயில். அருப்புக்கோட்டை தொடங்கி நெல்லை வரை பெரியவர்கள் பேச்சில் இன்றும் அதைக் கேட்கலாம்.

முதலில் கோயில். கோ குடியிருக்கும் இல் என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரத்தில் அது அரண்மனையையும் சுட்டும். சர்ச் என்ற சொல்லின் கிரேக்க மூலமோ 'ஆண்டவருக்கு உரியது' என்று பொருள்படும். ஆக, நம் சொல் அந்த மூலத்துக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கிறது. போர்த்துகீசியரின் இக்ரேஜாவுக்கு வேர் 'கூட்டம்'. அது நம் சபைக்கு இணை. மலையாளக் கிறித்தவர் பள்ளி என்றனர், சிங்களரும் பள்ளிய என்றனர். தமிழகத்தில் பள்ளிவாசல் இசுலாமியருக்கு அமைந்தது, கிறித்தவருக்குக் கோயில் வாய்த்தது.

அதனுடன் 'வேதம்' சேர்ந்ததில் மதுரைக்குப் பெரும் பங்கு உண்டு. முத்துக்குளித்துறையில் பாதிரி, குருசு என்று போர்த்துகீசியச் சொற்கள் புழங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி உள்நாட்டார் காதுக்குப் பழகிய சொற்களைத் தேடினார். தம் சமயத்தைச் சத்திய வேதம் என்றார். பூசை, கோயில் என்ற சொற்களும் அப்படித்தான் நிலைபெற்றன. பிறகு கிறித்தவரானவர் 'வேதத்தில் சேர்ந்தவர்' ஆனார், வேதக்காரர் ஆனார். அவர்களுக்கு உபதேசம் கற்பித்தவர் வேதியர். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' இவர்களுக்காகத்தான். அந்தணரைக் குறித்த சொல், ஊர் ஊராக நடந்து ஞானோபதேசம் சொன்ன எளிய மனிதருக்கும் உரியதாயிற்று. தமிழ்ச் சமயச் சொல் வரலாற்றில் இதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன். 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தர் மறவர் சீமையில் பரப்பியதும் இந்த 'வேதம்'தான்.

சொல் ஒன்றாக இருந்தாலும் கட்டடங்கள் பலவிதம். உள்நாட்டின் தொடக்ககாலக் கோயில்கள் மண்சுவரும் கூரையுமாக, குடியானவர் வீடுகளோடு ஒட்டியே நின்றன. பிறகு பிரெஞ்சு சேசு சபையார் கோதிக் பாணியைக் கொண்டுவந்தனர். மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம் 1894இல் எழுந்தது. கூர்நுனி வளைவுகளும் ஊசிக்கோபுரங்களும் ஐரோப்பியப் பேராலயத்தை நினைவூட்டும். ஆனால் அவற்றுக்கு உருக்கொடுத்தவை அச்சில் வார்த்துச் சுட்ட செங்கல்லும் ஓடும்.

சீர்திருத்த சபையார் வழி வேறு. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், திருச்சுழிப் பக்கம் மண்டபசாலையிலும் நிலையம் அமைத்தது. அவர்களுக்குச் சபை என்றால் கூடும் மக்கள். அவர்கள் கூடிய கட்டடத்தையும் ஊரார் வேதக்கோயில் என்றே அழைத்தனர். கத்தோலிக்கர், சீர்திருத்தத்தார் என்ற பிரிவு ஊரார் நாவில் ஏறவில்லை.

1962-65 வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை திருப்பலி ஆயிற்று, வேதாகமம் விவிலியம் ஆயிற்று. பலகைகளில் ஆலயம், திருத்தலம் என்ற சொற்கள் ஏறின. அவற்றில் பிழையில்லை. ஆனால் பங்குகளின் வரலாற்று மலர்களை எழுதுவோர், ஊரார் நானூறு ஆண்டு மரபிலிருந்து வழங்கிவரும் வேதக்கோயில் என்ற பெயரையும் அவற்றில் பதிய வேண்டும். அதைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.