பேரன் பேத்தி எடுத்தபின் கற்ற வேதம்

திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துப் பக்கத்து ஊர்களில் ஓய்வு நாள் பாடசாலை ஆண்டு விழா என்றால் வசனப் போட்டி இல்லாமல் முடியாது. பிள்ளைகள் மேடையேறி முதலாம் சங்கீதத்தையும் இருபத்து மூன்றாம் சங்கீதத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பெரியவர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவோம். மனப்பாடம் பிள்ளைப் பருவத்து வேலை, வயதானவர்களுக்கு ஏறாது என்ற எண்ணம் எங்களுக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வேதத்தை ஒழுங்காக வாசிக்கவும் வசனங்களை நெஞ்சில் இருத்தவும் நான் உட்கார்ந்தேன். கூடவே எங்கள் சபைகளின் பழைய வரலாற்றையும் தேடிப் படித்தேன். அந்த வரலாறு சொல்வது வேறு. இந்தச் சீமையில் வேதம் நிலைத்ததற்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் அதைக் காதால் கேட்டு வாயால் சொல்லிக் கற்றவர்கள் பெரும் காரணம்.

தொடக்கம் தரங்கம்பாடியில். 1706 ஜூலை 9 அன்று மிஷனரி சீகன்பால்கு அங்கே கப்பலிலிருந்து இறங்கினார். தமிழைத் திண்ணைப் பள்ளிக்கூடத்து முறையிலேயே, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். மறு ஆண்டிலேயே முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன. பெற்றுக்கொண்ட ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அன்றைக்கு அச்சிட்ட தமிழ் வேதம் ஒரு பக்கம்கூடக் கிடையாது. நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல்தான் அச்சேறின. புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இல் முடிந்தது. ஆகவே அந்த ஐந்து பேருக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் வேதம் என்பது மனப்பாடம்தான்: பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானோபதேசக் கேள்வி பதில்கள். பகலெல்லாம் எஜமான் வீட்டில் உழைத்துவிட்டு, வளர்ந்த மனிதர்கள் உட்கார்ந்து இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.

திருநெல்வேலியில் இது இன்னும் விரிந்தது. 1778-இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் அங்கே இருந்த சபை நாற்பது பேர். 1799-இல் தாவீது சுந்தரானந்தத்தின் முயற்சியால் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தேரிக்காட்டு ஊர்கள் பல, குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஊராகவே சபையில் சேர்ந்தன. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், பதநீர் காய்ச்சுகிற பெண்கள், கூலி வேலைக்காரர்கள். எழுத்துத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இவர்களையெல்லாம் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று வைத்திருந்தால் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை. உபதேசியார் ஒவ்வொரு ஊரிலும் ஜெபவீட்டில் ஆட்களைக் கூட்டி, ஒரு வரி சொல்வார். கூட்டம் திருப்பிச் சொல்லும். தெரியும் என்று தலையாட்டினால் போதாது. கேட்டால் சொல்ல வேண்டும்.

இந்த உபதேசியார்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து. கால்டுவெல், போப், மர்காஷிஸ் போன்ற மிஷனரிகளுக்குச் சிலையும் நூற்றாண்டு விழாவும் உண்டு. அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் விடியுமுன் பனையேறப் போகிறவருக்கு எந்த நேரத்தில் பாடம் சொல்லலாம், அடுப்பில் பதநீர் கொதிக்கும்போது அதைவிட்டு நகர முடியாத பெண்ணுக்கு எங்கே உட்கார்ந்து சொல்லலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், பெயர் தெரியாத அந்த மனிதர்கள். பிற்காலத்தில் பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்களும் அப்படித்தான் வீடு வீடாகப் போனார்கள். மாமியார் அனுமதி இல்லாமல் வாசல் தாண்ட முடியாத வீடுகளில் மாமியாருக்கே முதலில் வசனம் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. கட்டைவிரல் ரேகைதான். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு பைபிள் உமனிடம் சங்கீதங்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர். நான் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஏட்டி, ஒரு வரிய விட்டுட்டுப் போறியே" என்பார். திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே விட்டிருப்பேன். அவர் வாசித்தவர் அல்ல என்பதால் அவருக்கு வேதம் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காதும் எழுத்தும் சேர்ந்து நடந்த இன்னொரு வழக்கமும் இருந்தது. ஐயர் பிரசங்கம் செய்யும்போது, எழுதத் தெரிந்தவர்கள் மடியில் ஓலையை வைத்து எழுத்தாணியால் குறிப்பெடுப்பார்கள். வீட்டுக்குப் போய் அதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். கோவிலுக்குள் எழுத்தாணி கீறும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும் என்று அக்காலத்து மிஷனரிகள் வியந்து எழுதினார்கள்.

வளர்ந்தவர்களின் இந்த மனப்பாடத்துக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு, தமிழ் வேதத்தின் சரித்திரமே சாட்சி. வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் ஐயர் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1772-இல் வெளியிட்டார். இரண்டு தலைமுறைக்கு அதுவே சபைகளின் நாவில் பழகியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர், எளிய நடையில் புதிய மொழிபெயர்ப்பு வேண்டுமென்று உழைத்தார். நல்ல நோக்கம், நல்ல தமிழ் அறிவும் அவருக்கு இருந்தது. ஆனால் தஞ்சையிலிருந்து வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அவருடைய புகார்ப் பட்டியலில் சாதிகளைக் கலந்து உட்காரவைப்பதும் ஒரு குற்றமாக இருந்தது. அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வேதத்தைத் திருத்துவது பற்றிய அவருடைய வேதனையை மட்டும் வேறாக எடுத்துப் பார்க்கிறேன். சிறுவயதிலேயே ஸ்வார்ட்ஸிடம் வந்து, அந்தப் பழைய வேதத்தின் நடையிலேயே ஆயுளெல்லாம் பாட்டெழுதியவர் அவர். ஐம்பது வயதுக்குமேல் அவரிடம் வரிகளை மாற்றிச் சொல் என்றால் என்ன செய்வார்? அவரையும் விடுங்கள். எழுத்தே தெரியாமல் காதால் மட்டும் கற்ற ஒரு கிழவிக்குப் பழைய வரிகளைத் தவிர வேறு புத்தகம் ஏது?

1850-இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெர்சிவல் ஐயரின் மொழிபெயர்ப்பு வந்தது. அதில் ஆறுமுக நாவலரின் உழைப்பும் உண்டு. ரேனியுஸுடையதைப் போலவே அதுவும் சபைகளில் நிலைக்கவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பப்ரிசியுஸையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவது என்று அவர்கள் போனார்கள். 1871-இல் அச்சான அந்த வேதத்தைத்தான் இன்றுவரை பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளில் விரிக்கிறோம். 1936-இலும் 1956-இலும் திருத்திய மொழிபெயர்ப்புகள் வந்தன. அறிஞர்கள் உழைத்த நல்ல நூல்கள். ஆனாலும் ஆராதனையில் பழையதை அவை பெயர்க்கவில்லை. இதைப் பழமைவாதம் என்று சிலர் தள்ளிவிடுவார்கள். மனப்பாடம் செய்தவர்களின் உரிமை என்று நான் பார்க்கிறேன். சபையில் யார் வாசித்தாலும் கூடவே உதடசைக்கிற முதியவர்கள் இருக்கும் வரை, அந்த வரிகளை எளிதாக எடுத்துவிட முடியாது.

பிறகு எப்படி இது பிள்ளைகள் கைக்குப் போயிற்று? போர்டிங் பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு வந்தது, அச்சு வேதம் மலிந்து வீட்டுக்கொன்று ஆனது. புத்தகம் அலமாரியில் இருக்கும்போது நெஞ்சில் எதற்கு என்ற நினைப்பு தானாக வந்துவிடும். ஏறக்குறைய அதே காலத்தில், 1879-இல், இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கென்றே தினசரி வேத வாசிப்பு அட்டைகள் தொடங்கின. அந்த முறை நம் ஊர்களுக்கும் வந்து நிறைய நன்மை செய்தது. பெரியவர்களுக்கோ திடப்படுத்தல் ஆராதனையோடு பாடம் ஒப்பிக்கும் கடமை முடிந்தது. அதன்பின் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நாமும் சொல்வதில்லை.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போது சிலர் சேர்ந்து பழைய முறையையே எடுத்திருக்கிறோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் கண்புரை அறுவை நடந்திருக்கிறது. இன்னொருவர் பெரிய எழுத்து வேதத்தையும் பூதக்கண்ணாடி வைத்தே வாசிக்கிறார். வாசிப்புக்கு எளிய கணக்கொன்று உண்டு. வேதத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஓராண்டில் முடியும். இந்த வயதில் அது பலருக்குப் பாரம். ஆகவே காலையில் ஒரு சங்கீதம், இரவில் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டோம். மனப்பாடத்துக்குச் சிதறிய வசனங்களை எடுப்பதில்லை. முழுப் பகுதியாகத்தான் எடுப்போம். ஒரு வரி அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்துவரும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வோம். புதிய வசனத்துக்குப் போகுமுன் பழையது முழுவதையும் சொல்லியாக வேண்டும். 121-ஆம் சங்கீதத்தில் எட்டே வசனங்கள், அதில் தொடங்கினோம். பிறகு 91, பிறகு கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரம். பிள்ளைகளைவிட நமக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லிலும் நின்று, தனக்கு நடந்ததோடு பொருத்திப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போகிறார். மேடையில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அந்த நிதானம் எப்படி வரும்?

எந்த மொழிபெயர்ப்பு என்று எங்களுக்குள்ளும் வாக்குவாதம் வந்தது. விளங்கிக்கொள்ளப் புதியதையும் வாசிப்போம், மனப்பாடம் பழையதில் என்று முடிவாயிற்று. இப்போது ரோமரில் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறோம். 39 வசனம், பவுலின் நீள நீள வாக்கியங்கள், கொஞ்சம் திணறல்தான். அடுத்து சங்கீதம் 119-ஐ எடுக்கலாமா என்று எங்களில் மூத்த அக்கா கேட்டிருக்கிறார். 176 வசனம். எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டு எட்டாக இருபத்திரண்டு பகுதி. வாரம் ஒரு பகுதி என்றால் ஐந்து மாதம். லெந்து காலம் முடிந்த மறுவாரம் தொடங்குவதாக இருக்கிறோம்.