ஏட்டுப் பிழையும் கணினிப் பிழையும்: திருத்தும் உரிமையின் வரலாறு பற்றி, வாகரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட நிலத்தில், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் கரையோர வீதியை ஒட்டி அமைந்துள்ளது வாகரை. கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு இவ்வூரின் பெயராலும் வழங்கப்படுகின்றது. தமிழில் இவ்வூர்ப் பெயர் ஒரே வகையாகவே எழுதப்படும். ஆங்கிலத்திலோ இதற்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. இரண்டு உயிர்களுக்கு இடையே நிற்கும் ககரம் பேச்சில் மென்மையுற்று ஒலிப்பதனால், சிலர் அதனைக் 'கே' என்னும் எழுத்தாலும், வேறு சிலர் 'எச்' என்னும் எழுத்தாலும் குறிக்கின்றனர். இரண்டும் ஓர் ஊரே என்பதை மட்டக்களப்பார் எவரும் அறிவர், கணினி அறியாது. எழுத்து வேறாயின் அதற்கு ஊரும் வேறே.

எழுத்துப் பிழையோ எழுத்து வேறுபாடோ ஒருவர் கண்ணிற் படுமிடத்து, அதனைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? கட்டற்ற மென்பொருள் இயக்கம் இவ்வினாவுக்குப் புதியதொரு விடையை அளித்துள்ளது. அவ்விடையின் பெறுமதியை உணர்வதற்கு முதற்கண் தமிழ் நூல்களின் வரலாற்றை நோக்குதல் தகும்.

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் பிழை என்பது எழுதுவோன் கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்தன. எனவே ஏட்டைப் படித்தவன் ஒவ்வொரு சொல்லையும் பொருள் நோக்கி உய்த்துணரவேண்டியவனானான். அவன் உய்த்துணர்ந்ததைப் படியெடுத்தபோது, தவறாக உணர்ந்த இடங்கள் அடுத்த ஏட்டில் நிலைபெற்றன. அங்கே திருத்துவதற்கு எவருக்கும் தடை இருக்கவில்லை. ஆயின், திருத்தியவர் யார், எதனைத் திருத்தினார் என்பதற்கு எத்தகைய பதிவும் இருக்கவில்லை. திருத்தமும் சிதைவும் ஒரே கையாலே நிகழ்ந்தன.

அச்சியந்திரம் இந்நிலையை மாற்றியது. 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் ஒன்றைக் கொணர்ந்து யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அவர் பரிசோதித்துப் பதிப்பித்த நூல்கள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றவை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்து, ஏடுகள் அழிந்துவரும் நிலையைத் தம் பதிப்புரைகளில் எடுத்துரைத்தார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். இப்பதிப்பாசிரியர்கள் பிழையைக் களைந்தமையோடு நில்லாது, ஐயத்துக்கிடமான இடங்களிற் பாடபேதங்களையும் காட்டிச் சென்றனர். தாம் கொண்ட பாடம் தவறாயின் பின்வருவோன் மற்றையதைக் கொள்ளலாம் என்னும் நேர்மை அதில் உண்டு. பிழையை நீக்குதல், வேறுபாட்டைப் பேணுதல் என்னும் இரண்டும் பதிப்பாசிரியனின் இரு கடமைகளாக வகுக்கப்பட்டமை இக்காலத்தின் பெரும்பேறு எனலாம்.

எனினும் அச்சுநூலுக்கு ஒரு குறை இருந்தது. நூல் அச்சேறிய பின்னர் காணப்பட்ட பிழைகள் 'பிழை திருத்தம்' என்னும் பட்டியலாக இறுதிப் பக்கத்திற் சேர்க்கப்பட்டன. வாசகன் அதனைப் பார்த்துத் தன் பிரதியைத் தானே மையாற் திருத்திக்கொள்ளவேண்டும். பட்டியலில் இல்லாத பிழையை அவன் கண்டால், அத்திருத்தம் அவனது பிரதியோடு நின்றுவிடும். மறுபதிப்பு வரும்வரை மற்றையோருக்கு அது பயன்படாது. மறுபதிப்பிற் சேர்ப்பதும் சேர்க்காததும் பதிப்பித்தவரின் விருப்பம்.

கணினித் துறையிலும் ஒரு காலத்தில் இந்நிலையே நிலவியது. மென்பொருளை விற்ற நிறுவனங்கள் அதன் மூலநிரலை மறைத்துவைத்தன. கைநூலும் அவற்றின் உடைமையாகவே இருந்தது. இதற்கு மாறாக, 1983ஆம் ஆண்டில் றிச்சார்ட் ஸ்ரோல்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்து, மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனைக் கற்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுடையர் என்னும் கொள்கையை முன்வைத்தார். மென்பொருளை மாற்றும் உரிமை இருந்தும் அதன் கைநூலை மாற்றும் உரிமை இல்லையாயின், மாற்றப்பட்ட மென்பொருளுக்கு வழிகாட்டி இல்லாது போகும் என்பது அவரது வாதம். இதன் பயனாக 2000ஆம் ஆண்டில் குனு கட்டற்ற ஆவண உரிமம் வெளிவந்தது. கைநூலின் எழுத்துப் பிழையை வாசகன் திருத்துவதும், திருத்திய நூலைப் பரப்புவதும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட உரிமைகளாயின.

உரிமையோடு கருவியும் வேண்டப்பட்டது. இரண்டு பிரதிகளை ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை மாத்திரம் எடுத்துக்காட்டும் 'டிஃப்' என்னும் நிரல் 1970களில் யுனிக்ஸ் முறைமைக்காக எழுதப்பட்டது. அவ்வேறுபாட்டை மூலப்பிரதியிற் பொருத்தும் 'பச்' என்னும் நிரலை லரி வோல் 1985இல் வெளியிட்டார். லினஸ் ரோவால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் பதிவுமுறை, யார், எப்பொழுது, எந்த வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதைக் காத்துவைக்கின்றது. நீக்கிய வரி கழித்தற் குறியோடும் சேர்த்த வரி கூட்டற் குறியோடும் அருகருகே நிற்கும். பாடபேதம் காட்டிய பதிப்பாசிரியரின் அடிக்குறிப்பு இங்கே இயந்திரத்தின் இயல்பாகவே அமைந்துவிட்டது எனலாம். ஏட்டுக் காலத்தின் கட்டற்ற திருத்தமும் அச்சுக் காலத்தின் பொறுப்புடைமையும் ஒன்றிணைந்தமையே இதன் வரலாற்றுச் சிறப்பு.

சிறு பிழையைத் திருத்துதல் அறிஞர்க்கு இழுக்கன்று என்பதற்கு டொனால்ட் குனுத் சான்றாவார். கணினிவழி அச்சுக்கோப்புக்கான 'ரெக்' என்னும் கட்டற்ற மென்பொருளை 1978இல் வெளியிட்ட இவர், தம் நூல்களில் அச்சுப் பிழையை முதலிற் கண்டு அறிவிப்போருக்கும் 2.56 டொலர் காசோலை அனுப்பி வந்தார். 256 சதம் என்பது பதினறும எண்முறையில் ஒரு டொலர். 2008இல் வங்கிக் காசோலை அனுப்புவதை அவர் நிறுத்திக் கற்பனை வங்கியொன்றின் சான்றிதழை வழங்கத் தொடங்கினார். அதனைப் பெற்றவர்கள் அதைப் பட்டத்திற்கு நிகராகப் போற்றுகின்றனர்.

காலத்திற் திருத்தப்படாத பிழை நிலைபெற்றுவிடும் என்பதற்கும் கணினித் துறையில் எடுத்துக்காட்டுகள் உண்டு. இணையப் பக்கம் ஒன்றிற்கு வாசகர் எங்கிருந்து வந்தார் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நடுவே இரட்டித்து வரவேண்டிய 'ஆர்' எழுத்து, 1996இல் வெளியான நெறிமுறை ஆவணத்தில் ஒருமுறையே வந்துள்ளது. அதற்கிடையில் எண்ணற்ற கணினிகள் அப்பிழை வடிவத்தையே பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால் இன்றுவரை அது மாற்றப்படவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் யுனிகோட் தரத்தில், ஒருமுறை இட்ட எழுத்துப்பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. அதனாற்றான் தமிழின் ஆய்த எழுத்து வடமொழி மரபையொட்டி 'விசர்க்கக் குறி' என்னும் பெயருடனேயே அங்கு நிற்கின்றது. ஆய்தம் என்பது விளக்கக் குறிப்பாக மாத்திரம் இடம்பெறுகின்றது. தொல்காப்பியம் தனியாக வைத்தெண்ணிய எழுத்தொன்றின் பெயரை உரிய காலத்தில் எடுத்துரைக்கத் தவறியதன் விளைவு இது.

தமிழில் மென்பொருளும் அதன் வழிகாட்டி ஆவணங்களும் ஆக்கும் முயற்சி 2000ஆம் ஆண்டளவில் தன்னார்வலர்களால் வலுப்பெற்றது. கே.டி.இ., குனோம் போன்ற கட்டற்ற பணிச்சூழல்களும் பயர்பொக்ஸ் உலாவியும் அவர்கள் கையாலேயே தமிழ் பேசத் தொடங்கின. இவ்வாவணங்களிற் காணப்படும் ஒருவகைப் பிழை ஏட்டுக் காலத்தை மீண்டும் நினைவூட்டுகின்றது. 'மௌனம்' என்னும் சொல்லைச் சிலர் 'மெளனம்' எனத் தட்டெழுதுகின்றனர். முன்னதில் மகரத்துடன் ஔகாரக் குறி ஒன்று உள்ளது. பின்னதில் எகரக் கொம்பும் அதன்பின் தனி ளகரமும் உள்ளன. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ பின்னது 'மெ' எனத் தொடங்கும் வேறொரு சொல். காலையும் ரகரத்தையும் மாற்றித் தட்டுவதும் இத்தகையதே. ஏட்டில் வடிவ ஒற்றுமையால் வாசகன் இடர்ப்பட்டான். இன்று அதே வடிவ ஒற்றுமையால் இயந்திரம் இடர்ப்படுகின்றது. தேடுவோன் சரியாகத் தட்டச்சுச் செய்தும் ஆவணம் அவனுக்குக் கிடைப்பதில்லை. ஆசிரியரோ அனுபவமுடையவரோ அருகில் இல்லாத ஊர்களில் கணினியைக் கற்பவனுக்கு ஆவணமே ஆசான். அதில் ஓரெழுத்துப் பிழைப்பினும் அவன் தன் அறிவையே ஐயுற நேரும்.

எழுத்து வேறுபாட்டின் பாரதூரம் வாகரைக் கரையில் வேறொரு வகையிற் புலப்படும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. வாகரைக் கரையும் அழிவுக்குள்ளாகியது. அடுத்துவந்த நாட்களிற் கொழும்பில் இலங்கை மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தன்னார்வலர்கள், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றைப் பதிவதற்கெனச் 'சஹனா' என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்பது பொருள். 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் பயன்பட்ட அம்மென்பொருளுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருது கிடைத்தது.

இத்தகைய பதிவேட்டில் பெயரே முதன்மையானது. தமிழ்ப் பெயரொன்றை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு வகையாக எழுதுவர். இதற்குத் தீர்வாகக் கூறப்படும் சவுண்டெக்ஸ் என்னும் முறை, 1918இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றது. ஆங்கிலப் பெயர்களின் ஒலிப்பை மனங்கொண்டு அமைந்த இம்முறையில் 'கே' எழுத்துக்கு 2 என்னும் எண் உண்டு. 'எச்' எழுத்தோ கணக்கில் எடுக்கப்படுவதில்லை. ஆகவே வாகரையின் ஓர் ஆங்கில வடிவம் 'வி 260' எனவும் மற்றையது 'வி 600' எனவும் குறியீடு பெறுகின்றன. ஒலியொத்த பெயர்களை ஒன்றுசேர்க்க எழுந்த முறையே ஓர் ஊரை இரண்டாகப் பிரித்துவிடுகின்றது. இம்முறையின் விளக்க ஆவணத்தில், இது தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்தாது என்னும் ஒரு வரியைச் சேர்ப்பதற்குக் கணினிப் பொறியியலாளன் வேண்டுவதில்லை. தமிழ் ஒலியியல் கற்றவன் போதும். மூடிய மென்பொருளில் அவனது குரலுக்கு இடமில்லை. கட்டற்ற ஆவணத்தில் அவனே அவ்வரியை எழுதி முன்வைக்கலாம்.

உரிமை உண்டெனின் அதனைப் பிழைபடக் கையாள்வோரும் உண்டு. 2014 முதல் ஒவ்வோர் ஒக்டோபரிலும் நடைபெறும் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்னும் நிகழ்வில், குறித்த தொகைத் திருத்தங்களை அளித்தோருக்குச் சட்டை பரிசாக வழங்கப்பட்டது. 2020இல் பலர் பரிசை மட்டும் கருதி, ஆவணங்களிற் பொருளற்ற சொற்களைச் செருகித் திருத்தமென அனுப்பினர். ஊதியமின்றி மென்பொருளைப் பராமரிப்போர் இவற்றை ஒவ்வொன்றாக நிராகரிப்பதில் நேரமிழந்தனர். ஈற்றில், தாமாக இசைந்த திட்டங்களில் மாத்திரமே பங்களிப்புக் கணக்கிடப்படும் என அமைப்பாளர்கள் விதியை மாற்ற நேர்ந்தது. திருத்தத்தின் பெறுமதி அதன் தொகையில் இல்லை. வாசகனுக்கு அது நீக்கும் இடர்ப்பாட்டிலேயே உள்ளது.

இதனினும் நுண்ணியதொரு தவறும் உண்டு. ஈழத்தில் 'டொலர்' என எழுதுவதைத் தமிழகத்தார் 'டாலர்' என எழுதுவர். ஈழத்தில் 'யன்னல்' எனவும் தமிழகத்தில் 'ஜன்னல்' எனவும் வழங்குவது ஒரே பொருள். இவற்றில் ஒன்றைப் பிழையெனக் கொண்டு மற்றையதாக மாற்றுதல் திருத்தமாகாது. ஒரு நிலத்தின் வழக்கை அழித்தலாகும். கணினித் தரங்களில் இலங்கைத் தமிழுக்கெனத் தனி வட்டாரக் குறி வழங்கப்பட்டிருப்பது இவ்வேறுபாட்டுக்கு இடமளிக்கும் பொருட்டேயாம். மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலாநந்தர் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தவர். இரு நிலத்தாரும் ஒருங்கமர்ந்து சொல் ஆக்கலாம் என்பதற்கு அப்பணி முன்னோடி. ஒருவர் வழக்கை மற்றவர் பிழையென்று கருதாதிருத்தல் அவ்வொருங்கமர்தலுக்கு முதற்படி.

ஆக, ஏட்டுக் காலத்திற் திருத்தும் உரிமை இருந்தது, பொறுப்பு இருக்கவில்லை. அச்சுக் காலத்திற் பொறுப்பு இருந்தது, உரிமை சிலரோடு நின்றது. கட்டற்ற ஆவணங்களின் காலத்தில் இரண்டும் வாசகன் கைக்கு வந்துள்ளன. தாமோதரம்பிள்ளைக்கு ஏடு தேடி அலையவேண்டியிருந்தது. இன்றைய மாணவனுக்கு ஏடு திறந்தே கிடக்கின்றது. தமிழ் கற்றோர் இப்பணியைக் கணினித் துறையாருக்கு உரியதென விட்டுவிடுவரேல், வாகரை இன்னும் நெடுங்காலத்துக்கு இரண்டு ஊர்களாகவே இருக்கும்.