மலைக்கு யார் போகலாம்?

மழை ஓய்ஞ்ச மறுநாள் காலையில எங்க கழனி வரப்பில நின்னு வடமேற்கே பார்த்தா முன்னெல்லாம் நீலமா ஒரு கோடு தெரியும். அதுதான் நாகலாபுரம் மலைன்னு எங்க ஆயா சொல்லுவாங்க. இப்ப திருநின்றவூர் பக்கமெல்லாம் அடுக்குமாடி எழும்பிட்டதால மாடி ஏறினாத்தான் அந்தக் கோடு தெரியுது. போன மாசம் அம்பத்தூர்ல இருக்கிற என் மச்சான் மகன் போன் பண்ணி, "மாமா, பன்னெண்டு பேர் வேன்ல ஒருநாள் டூர் போறோம். மலை, அருவி, காடு எல்லாம் பார்க்கலாம், நீங்களும் வாங்க"ன்னு கூப்பிட்டான். வயசு அறுபதை நெருங்குது, முட்டி வேற மக்கர் பண்ணுது. ஆனாலும் சின்ன வயசிலேருந்து வரப்பிலேயே நின்னு பார்த்த மலையாச்சே, சரின்னுட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு ஆவடியில ஏறி பெரியபாளையம் வழியா ஊத்துக்கோட்டை போய்ச் சேர்ந்தோம். ஆரணி ஆத்தைத் தாண்டி கொஞ்ச தூரத்துல ஆந்திரா வந்துடுது. சுருட்டப்பள்ளியில பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுட்டு நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியா கைலாசகோனை அருவிக்குப் போனோம். தெலுங்குல 'கோன'ன்னா மலை இடுக்குப் பள்ளம். வருஷம் பூரா தண்ணி விழற இடம் அது. குளிச்சோம், இட்லி சாப்பிட்டோம். ரெண்டாவதா ஒரு காட்டு அருவிக்குக் கூட்டிட்டுப் போறதா வேன்காரர் சொல்லியிருந்தார். அங்க போனா வனத்துறைக் கயிறு குறுக்கே கட்டியிருந்துச்சு. உள்ளே விடலை. காசைத் திருப்பிக் கேட்ட பசங்களுக்கும் வேன்காரருக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். நான் ஒரு புளியமரத்தடியில உட்கார்ந்து அந்தக் கயிறையே பார்த்துட்டு இருந்தேன். இந்தக் கயிறு எப்போ கட்டினாங்கன்னு ஒரு யோசனை. வீட்டுக்கு வந்த பிறகும் அது விடலை. அதனாலதான் இந்தப் பதிவு.

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு அந்த மலை புதுசு இல்லை. வேன் வர்றதுக்கு முன்னாடியே கால் இருந்துச்சு. புரட்டாசியில மஞ்சள் துணி கட்டி, கோவிந்தா போட்டுக்கிட்டு திருப்பதிக்கு நடந்தவங்க எத்தனையோ பேர். சென்னைப் பட்டணத்துல இருந்து போற திருப்பதிக் குடை இன்னிக்கும் வில்லிவாக்கம், திருமுல்லைவாயில், திருவள்ளூர்னு ஊர் ஊரா நின்னு நின்னுதான் போகுது. எங்க ஆயா கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை நாராயணவனம் வழியா நடந்து போயிருக்காங்க. பத்மாவதித் தாயாருக்குக் கல்யாணம் நடந்த ஊர்னு சொல்ற ஊர் அது. அங்க ராத்திரி மரத்தடியில படுத்துத் தூங்கினப்போ நரி ஊளையிட்டதையும், விடிஞ்சதும் ஓடையில குளிச்சதையும் கதை கதையாச் சொல்லுவாங்க. சாமி பேர்ல ஒரு மலைச் சுற்றுலா, அவ்வளவுதான். டிக்கெட் இல்லை, கைடு இல்லை, கயிறும் இல்லை.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடினப்போ, அது அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாத்தான் போச்சு. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் பாதை நம்ம கொல்லைப்பக்கம் போனதுல எனக்கு இன்னிக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பாதை போட்ட ஏழாவது வருஷம் ஒரு வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் வந்தார். பேரு ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காரர். 1863 மே மாசம் பல்லாவரத்துல சரளைக்கல் குழியில ஒரு கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பர்ல வில்லியம் கிங்னு இன்னொருத்தரோட சேர்ந்து பூண்டிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கம் ஓடைக்கு வந்தார். அங்க அந்த மாதிரி கற்கோடாலிகள் நிறையக் கிடைச்சுது. நான் சொல்றது, நாம ஏர் ஓட்டும்போது கொழுமுனையில இடறினா 'சனியன் கல்லு'ன்னு வரப்புல தூக்கி எறியற அதே மாதிரி கல்லைத்தான். சாந்தி பப்பு அம்மா குழு அத்திரம்பாக்கத்துல தோண்டி, அதுல சில கருவிகளுக்குப் பதினஞ்சு லட்சம் வருஷம் வயசுன்னு 2011-ல எழுதினாங்க. அந்த மலையையும் ஓடையையும் தேடி ஆள் வர்றது நேத்து முந்தாநாள் கதை இல்லை.

இப்போ கயிறு விஷயத்துக்கு வர்றேன்.

வெள்ளைக்காரன் காலத்துக்கு முன்னாடி காடுன்னா ஊரோட ஒரு பகுதி. விறகு, வேலிமுள், கலப்பைக்கு மரம், வயலுக்குத் தழை, மாட்டுக்கு மேய்ச்சல் எல்லாம் அங்கேருந்துதான். தழை உரம் இல்லாம நெல் விளையாதுன்னு நம்ம பெரியவங்களுக்கு நல்லாத் தெரியும். ரயில் வந்ததும் தண்டவாளத்துக்குக் கட்டை வேணும், எஞ்சினுக்கு விறகு வேணும். சென்னை மாகாணத்துக் காடுகள் வேகமா அழிஞ்சதுக்கு ரயில் ஒரு பெரிய காரணம். (மேல பெருமைப்பட்டேன் இல்லையா, அதே ரயில்தான்.) காட்டைக் காப்பாத்தறோம்னு சொல்லி 1882-ல சென்னை வனச் சட்டம் கொண்டுவந்தாங்க. சர்வே பண்ணி, எல்லைக்கல் நட்டு, ரிசர்வ் காடுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் மாடு உள்ளே போகணும்னா சீட்டு, தழை வெட்டினா அபராதம், பிடிபட்ட மாட்டுக்குப் பட்டி. நான் பார்த்த கயிறோட முதல் முடிச்சு அங்கதான் விழுந்திருக்கு.

அந்தத் துறையில அப்போ நல்ல ஆளும் இருந்தாங்க, அதையும் சொல்லணும். 1882 வரைக்கும் மாகாண வனத்துறைக்குத் தலைமை அதிகாரியா இருந்தவர் பெடோம். செடி, பாம்பு, பல்லின்னு எல்லாத்தையும் தேடித்தேடிப் பதிவு பண்ணின மனுஷன். திருப்பதி மலைப் பாறை இடுக்குல வாழற தங்கப் பல்லியை 1870-ல உலகத்துக்கு எழுதிக் காட்டினவர் அவர்தான். திருப்பதி, கடப்பை மலைகளைத் தவிர வேற எங்கேயும் இயற்கையா வளராத, பார்க்கக் குட்டைப் பனை மாதிரி இருக்கிற ஒரு செடிக்கு அவர் பேரையே வெச்சு சைகஸ் பெடோமின்னு சொல்றாங்க. செம்மரமும் அந்தப் பக்கத்து மண்ணுக்கே உரியது. அந்த மரத்துக்கு இப்போ கிடைக்கிற விலைதான் எமனா ஆயிடுச்சு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டுல மரம் வெட்டப் போனதாச் சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னது ஞாபகம் இருக்கும். அவங்க எல்லாம் நம்ம தமிழ்நாட்டு மலையோரத்துக் கூலி ஜனங்க. மரத்தை வாங்கின ஆள் யாரும் அதுல சாகலை.

1944-ல ரெண்டு காரியம் நடந்துச்சு. திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்து, மோட்டார் மேல ஏற ஆரம்பிச்சுது. நடந்து போறது வேண்டுதல்னு ஆச்சு. அதே வருஷம் பூண்டி ஏரி கட்டி முடிஞ்சுது. சென்னை மேயரா இருந்த சத்தியமூர்த்தி முயற்சியில தொடங்கின வேலை, ஆனா முடிஞ்சதைப் பார்க்க அவர் இல்லை. 1943-லயே காலமாயிட்டார். 3,231 மில்லியன் கனஅடி கொள்ளளவு. நகரி மலைப்பக்கத்துல பெய்யற மழை நகரி ஆறா இறங்கி, கொசஸ்தலையோட சேர்ந்து பூண்டிக்கு வருது. அங்கேருந்து கால்வாய்ல புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகுது. பூந்தமல்லியில குழாயைத் திறக்கிறவன் அந்த மலையில பெஞ்ச மழையையும் சேர்த்துத்தான் குடிக்கிறான். 1996-ல கிருஷ்ணா தண்ணியும் ஊத்துக்கோட்டை வழியாவே வந்து சேர்ந்துச்சு. நடுவுல தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பஞ்செட்டிப் பக்கம் குடிநீர் வாரியம் ஆழ்துளைக் கிணறு போட்டு எடுத்ததும், நம்ம ஆளுங்க நெல்லை விட்டுட்டு தண்ணியை வித்ததும் தனிப் பதிவாவே எழுதலாம். அதுல எனக்குச் சொந்தக்காரங்களே உண்டு, அதனால தள்ளிப் போட்டுட்டே வர்றேன்.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாறிச்சு. படாஸ்கர் ஏற்பாட்டுப்படி திருத்தணி நமக்கு வந்துச்சு. ம.பொ.சி. நடத்தின போராட்டம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு ஈடா செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்கள்ல இருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போனதை மட்டும் நாம அவ்வளவாப் பேசறதில்லை. இன்னிக்கும் அந்த ஊர் டீக்கடையில தமிழ்லயே டீ கேட்கலாம். ஆனா மலையில ஒரு அருவி, அடிவாரத்துல ஒரு அணை, அதுக்குக் கீழ நம்ம ஆறுன்னு மூணும் ரெண்டு அரசாங்கத்துக்கு ஆயிடுச்சு. பிச்சாட்டூர் அணையைத் திறந்தா ஊத்துக்கோட்டையில தரைப்பாலம் முழுகி, அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்து நின்ன மழைக்காலங்களை நானே பார்த்திருக்கேன்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1961-ல ஆவடியில டாங்கி தொழிற்சாலை, அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட். ஷிஃப்ட்டுல வேலை செஞ்ச ஜனங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் கிடைச்சுது. நடந்து மூணு நாள் போன இடத்துக்கு பஸ்ஸுல காலையில போய் சாயங்காலம் திரும்பினாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்துச்சு. 2008-ல சென்னை டிரெக்கிங் கிளப் ஆரம்பிச்ச பிறகு நாகலாபுரம், தடா மலைகளெல்லாம் பசங்களுக்கு சனி ஞாயிறு வீடு மாதிரி ஆச்சு. தடா அருவின்னு நாம சொல்றோமே, அதோட சொந்தப் பேரு உப்பலமடுகு. மடுகுன்னா நம்ம மடு. தடா ஊர் அங்கேருந்து தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்துல இருக்கு. பஸ்ஸை விட்டு இறங்கின ஊரோட பேரை அருவிக்கு வெச்சுட்டோம். மடுன்னாலே ஆழம்னு பேர்லயே எச்சரிக்கை இருந்துச்சு, அதைத் தொலைச்சுட்டோம். வழுக்குப் பாறையில விழுந்தும் ஆழம் தெரியாம இறங்கியும் அங்க உயிரை விட்ட பிள்ளைங்க உண்டு.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க போனாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'டிரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்துச்சு. அதுல நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பாதை கூடியம் குகை. பூண்டிக்கு அந்தப் பக்கம், அத்திரம்பாக்கத்துக்குக் கிட்ட.

வேன்காரர் கிட்ட ஏமாந்த பசங்களைச் சமாதானப்படுத்த மூணு வாரம் கழிச்சு அங்க கூட்டிட்டுப் போனேன். முறையா டிக்கெட், ஒன்பது பேர், கூட இருளர் பையன் ஒருத்தன் வழிகாட்டி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். முள்ளுக்காட்டு வழியா முன்னாடி நடந்தான். எது நாயுருவி, எது தொட்டா அரிக்கும், எந்தப் பொந்துல உடும்பு இருக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தான். குகைன்னா இருட்டுக் குகை இல்லை. பெரிய பாறைக் கூரை. கூழாங்கல்லை சிமெண்ட்ல பதிச்ச மாதிரி சுவர். கூரையில பெரிய பெரிய தேன்கூடு. "சத்தம் போடாதீங்கண்ணா, சென்ட் அடிச்சிருந்தா கிட்ட வராதீங்க"ன்னான். உள்ளே அம்மனை வெச்சுக் கும்பிடறாங்க. பானர்ஜின்னு தொல்லியல் துறைக்காரர் 1962-ல இருந்து ரெண்டு வருஷம் அங்க தோண்டிப் பார்த்திருக்கார். அதையும் அந்தப் பையன்தான் சொன்னான்.

திரும்பி வரும்போது, "எந்த ஊருண்ணா நீங்க"ன்னான். சொன்னேன். "அந்தப் பக்கம் எங்க தாத்தா எலி புடிக்க வந்திருக்காரு"ன்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அறுப்பு முடிஞ்சா எங்க கழனிக்கு இருளர் குடும்பமா வருவாங்க. வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பாங்க. எலி சேர்த்து வெச்ச நெல்லும் அவங்களுக்கு. எங்க அப்பா அதுக்கு மேல காசுன்னு எதுவும் கொடுத்ததா எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு தடவை எங்க வீட்டுல பித்தளை அண்டா காணாமப் போனப்போ, முதல்ல ஆள் அனுப்பினது அவங்க குடிசைக்குத்தான். அண்டா ஒரு வாரம் கழிச்சு எங்க சித்தப்பா வீட்டுல இருந்துச்சு. யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லலை. இதையெல்லாம் அவன்கிட்ட நான் சொல்லலை, வாய் வரலை.

"இப்ப எலி இருக்காண்ணா?"

"இருக்குப்பா. சுத்தி பிளாட் போட்டுட்டான், எல்லா எலியும் என் கழனிக்குத்தான் வருது. புடிக்கத்தான் ஆள் இல்லை."

சிரிச்சான். "தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் சொல்லுங்க, எங்க சித்தப்பாவைக் கூட்டிட்டு வரேன். ஆளுக்கு ஐநூறு, நெல்லு தனி"ன்னு போன் நம்பரைக் குறிச்சுக் கொடுத்தான். சரின்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். இந்தத் தடவை நெல் பொங்கலுக்கு முன்னாடியே சாயும் போல இருக்கு.